பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்குங்கள்!

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பகுதி ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: 1960, 70களின் அமெரிக்க மஸில் கார். கையில் இருப்பது கொஞ்சப் பணம்; மனசு கேட்பதோ ஒரிஜினல் வண்டி. மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு, இந்த முறை முழுக்க வண்டிப் பேச்சு.

கேள்வி (டிராய், மிச்சிகன்): மஸில் கார் என்றால் என்ன சார்? பழைய அமெரிக்கக் கார் எல்லாமே மஸில் கார்தானா?

பதில்: பனியன் போட்டவரெல்லாம் பயில்வான் இல்லையே! நடுத்தர அளவு உடம்பு, அதற்குள் பெரிய காரின் வி-8 இன்ஜின், மாதச் சம்பளக்காரர் வாங்கக்கூடிய விலை. மூன்றும் சேர்ந்தால்தான் மஸில் கார். பிள்ளையார் சுழி போட்டது 1964 மாடலாக வந்த பான்டியாக் ஜிடிஓ. நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் வைக்கக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தன் பிரிவுகளுக்கே வேலி போட்டிருந்தது. பான்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவர் குழுவும், 389 கன அங்குல இன்ஜினை லெமான்ஸ் காருக்கான ஓர் 'ஆப்ஷன்' என்று எழுதி வேலிக்குள் நுழைத்துவிட்டார்கள். ஐயாயிரம் போனால் போதும் என்று தொடங்கியது, முதல் வருடமே 32,450 விற்றது.

அந்த 'ஆப்ஷன்' என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய கார் சந்தையில் நடக்கும் பாதி ஏமாற்று அதிலிருந்துதான் கிளம்புகிறது.

கேள்வி (எடிசன், நியூ ஜெர்சி): 25,000 டாலர் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒரு ஹெமி குடா கன்வர்டிபிள் கிடைக்குமா?

பதில்: 1970-ல் 14, 1971-ல் 11. பிளிமத் செய்த ஹெமி குடா கன்வர்டிபிள் மொத்தமே அவ்வளவுதான். 2014-ல் ஒரு 1971 வண்டி ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது. உங்களைப் போல 140 பேர் கூட்டுச் சேர்ந்தால் ஒன்று வாங்கலாம்; ஓட்டுவதற்கு ஆளுக்கு வருடத்தில் இரண்டரை நாள் கிடைக்கும்.

அதற்காக மனம் தளர வேண்டாம். 25,000 டாலர் உழைத்துச் சேர்த்த பணம், மரியாதையான பணம். அதற்கு உண்மையான வண்டி கிடைக்கும். போஸ்டரில் இருப்பதைத் தேடுவதை விட்டுவிட்டு, அதன் பக்கத்து வீட்டில் இருப்பதைத் தேட வேண்டும். அடுத்த கேள்வியைப் படியுங்கள்.

கேள்வி (பிளேனோ, டெக்சஸ்): பெயர் பெற்ற மாடல்கள் எட்டவில்லை. வேறு எதைத் தேடுவது?

பதில்: என் முதல் சிபாரிசு 1970 பிளிமத் டஸ்டர் 340. குடாவில் போட்ட அதே 340 கன அங்குல இன்ஜின், 275 குதிரைத்திறன்; எளிமையான வேலியன்ட் காரின் முகம். குடாவின் பெயர் இல்லாததால் குடாவின் விலையும் இல்லை. நம்பரைப் பார்த்தே ஆளைத் தெரிந்துகொள்ளலாம்: 1970 டஸ்டர் 340-இன் வின் நம்பர் (வண்டியின் அடையாள எண்) 'விஎஸ்29எச்' என்று தொடங்கும். 'விஎல்29' என்று தொடங்கினால் அது சாதா டஸ்டர், மேலே என்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் சரி. இதன் ஒன்றுவிட்ட சகோதரன் டாட்ஜ் டார்ட் ஸ்விங்கர் 340.

இவற்றிலும் நல்ல வண்டி பட்ஜெட்டைத் தாண்டினால் இன்னும் ஒரு படி இறங்குங்கள். ஜிடிஓ எட்டாவிட்டால் லெமான்ஸ். ஓல்ட்ஸ்மொபைல் 442 எட்டாவிட்டால், அதே சட்டத்தில் அதே நிறுவனம் செய்த கட்லஸ், 350 ராக்கெட் இன்ஜினோடு. ப்யூக் ஜிஎஸ் எட்டாவிட்டால் ஸ்கைலார்க். மஸ்டாங் என்றால் ஃபாஸ்ட்பேக்கை விட கூப் மலிவு, கன்வர்டிபிளை விடவும் மலிவு. ஆறு சிலிண்டர் இன்னும் மலிவு. நான்கு கியர் மேனுவல் வண்டியை விட ஆட்டோமேட்டிக் பொதுவாகக் குறைந்த விலைக்கு வரும். விரலுக்கேற்ற வீக்கம் என்று பெரியவர்கள் சொன்னதில் வண்டி வாங்கும் சூத்திரமும் அடக்கம்.

கேள்வி (சான் ஹோசே, கலிபோர்னியா): 1972 மாடலின் குதிரைத்திறன் திடீரென்று குறைந்திருக்கிறதே, இன்ஜின் அவ்வளவு மோசமா?

பதில்: பாதி நிஜம், பாதி கணக்கு. மாசுக் கட்டுப்பாடு நெருங்கியதால் 1971 வாக்கில் கம்ப்ரஷன் விகிதத்தைக் குறைக்கத் தொடங்கினார்கள், அது நிஜம். 1972-ல் அளக்கும் முறையையே மாற்றினார்கள், அது கணக்கு. முன்பெல்லாம் ஏர் ஃபில்டர், சைலன்சர் எதுவும் மாட்டாமல் இன்ஜினைத் தனியாக அளப்பார்கள். பிறகு எல்லாவற்றையும் மாட்டி அளந்தார்கள். அதனால் 340 இன்ஜின் 275-லிருந்து 240 ஆனது. தாளில் இருக்கும் இந்தச் சின்ன எண்ணைப் பார்த்துப் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். சிறு பட்ஜெட்காரருக்கு இது திறந்திருக்கும் கதவு.

கேள்வி (ஸ்கார்பரோ, கனடா): 1969 செவெல் எஸ்எஸ் 396 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஒரிஜினல் என்று விற்பவர் சத்தியம் செய்கிறார். எப்படி நம்புவது?

பதில்: ஊரில் மாடு பிடிக்கப் போனால், விற்பவர் சத்தியத்தைக் கேட்டுக்கொண்டே வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள். அதையே செய்யுங்கள்.

1966 முதல் 1968 வரை அமெரிக்காவில் விற்ற எஸ்எஸ் 396 தனி மாடல். வின் நம்பர் 138 என்று தொடங்கும். 1969-ல் எஸ்எஸ் வெறும் ஆப்ஷன் ஆகிவிட்டது. வின் நம்பரில் அது தெரியாது. சாதா செவெலான மாலிபுவில் எஸ்எஸ் எழுத்தையும் கறுப்பு கிரில்லையும் மாட்ட ஒரு சனி, ஞாயிறு போதும். ஆகவே காகிதம் வேண்டும். தொழிற்சாலையில் வண்டியோடு வந்த பில்ட் ஷீட் பின் சீட்டின் ஸ்பிரிங்கிலோ பெட்ரோல் டேங்கின் மேலேயோ செருகிக் கிடப்பதுண்டு. பழுப்பேறி, எலி கடித்து, மடிப்பில் கிழிந்திருக்கும். தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அது வண்டியின் ஜாதகம்.

கனடா வாசகரான உங்களுக்கு ஒரு வசதி உண்டு. வண்டி முதலில் கனடாவில் விற்பனையானது என்றால், அது எந்த ஆப்ஷன்களோடு பிறந்தது என்ற பதிவை ஜெனரல் மோட்டார்ஸ் கனடா கட்டணம் வாங்கிக்கொண்டு தருகிறது. அமெரிக்காவில் விற்ற செவெலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பான்டியாக் என்றால் பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் தொழிற்சாலை இன்வாய்ஸின் நகலைத் தரும். 1967 முதல் வந்த ஃபோர்டு என்றால், தொழிற்சாலைப் பதிவைச் சொல்லும் மார்ட்டி ரிப்போர்ட் உண்டு. ஆயிரக்கணக்கில் கொட்டுவதற்கு முன்னால் இந்தச் சிறு செலவைச் செய்துவிடுங்கள். காகிதமும் இல்லை, பதிவும் இல்லை என்றால் மாலிபு விலைதான் பேச வேண்டும்.

கேள்வி (சிகாகோ): 'நம்பர் மேட்சிங்' என்கிறார்களே, எந்த நம்பர் எதோடு மேட்ச் ஆக வேண்டும்?

பதில்: வண்டியின் வின் நம்பரில் கடைசிப் பகுதியை இன்ஜினிலும் கியர்பாக்ஸிலும் குத்தியிருப்பார்கள்; 1968 மாடல் முதல் இது பொதுவான வழக்கம். மூன்றும் ஒத்துப்போனால், பிறந்தபோது இருந்த இதயம் இன்னும் அதே உடம்பில் இருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு டார்ச் எடுத்துக்கொண்டு குனியுங்கள். செவர்லே வி-8 என்றால் இன்ஜினின் முன்புறம், வலது சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் சின்னச் சமதளம் ஒன்று இருக்கும். கிரீஸைத் துணியால் துடையுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம். எண்களுக்கு அடியில் முன்னிருந்து பின்னாக, தலைமுடி அளவுக்கு மெல்லிய இணைகோடுகள் ஓட வேண்டும். தொழிற்சாலை இயந்திரம் இழைத்த தடம் அது. கோடுகள் இல்லாமல் கண்ணாடி போல வழவழப்பாக இருந்தால், யாரோ பழைய எண்ணைத் தேய்த்துவிட்டுப் புதிதாகக் குத்தியிருக்கலாம்.

அடுத்து வார்ப்புத் தேதி. பிளாக்கில் 'கே 14 8' என்று இருந்தால் 1968 நவம்பர் 14-ல் வார்த்தது. ஆங்கில எழுத்து வரிசையில் கே பதினொன்றாவது. வண்டி அந்த அக்டோபரிலேயே உருவானது என்கிறாரா விற்பவர்? பிள்ளைக்குப் பிறகு தாய் பிறந்த கதை அது, எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி (பாஸ்டன்): 1966 மஸ்டாங் ஒன்று பார்த்தேன். பெயிண்ட் புத்தம் புதுசு, பளபளவென்று இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: புதுப் பெயிண்ட் என்றால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். அடியில் எவ்வளவு பட்டி பார்த்திருக்கிறார்கள் என்பது யாருக்குத் தெரியும்? மெல்லிய துணியில் ஒரு காந்தத்தைச் சுற்றிக்கொள்ளுங்கள். பின் சக்கர வளைவுக்குக் கீழே, கதவின் அடி ஓரம் என்று மெல்ல நகர்த்துங்கள். ஒட்டிக்கொண்டே வந்த காந்தம் திடீரென்று கழன்றால், அங்கே தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது.

அந்தக் கால மஸ்டாங்குக்கு ஒரு தனிப் பரிசோதனை உண்டு. முன் கண்ணாடிக்குக் கீழே காற்று போக இடுக்கு வைத்த தகடு இருக்கிறதல்லவா, விற்பவரிடம் அனுமதி கேட்டு அதில் ஒரு சொம்புத் தண்ணீரை மெதுவாக ஊற்றச் சொல்லுங்கள். நீங்கள் உள்ளே டாஷ்போர்டுக்கு அடியில் தலையை வைத்துப் படுத்துக்கொள்ளுங்கள். கால் வைக்கும் இடத்தில் சொட்டுச் சொட்டாக விழுந்தால் உள்தகடு துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. பற்றவைத்த பெட்டி அது. திறந்து சரிசெய்வதற்குள் எத்தனையோ வெல்டிங் புள்ளிகளைத் துளைத்தெடுக்க வேண்டும். ஒரு சொம்புத் தண்ணீர் பல ஆயிரம் டாலரை மிச்சப்படுத்தும். குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் உங்கள் பக்கத்து வண்டிகளுக்கு இந்தச் சோதனை கட்டாயம்.

கேள்வி (அட்லாண்டா): பாதி விலையில் பிரித்துப் போட்ட வண்டி கிடைக்கிறது. நானே கட்டிக்கொள்ளலாமா?

பதில்: சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். வெல்டிங் கைவந்தவர் என்றால் தாராளமாக வாங்குங்கள். இல்லாவிட்டால் ஓடுகிற வண்டியை வாங்கி, பட்ஜெட்டில் கால் பங்கை பிரேக், டயர், பெட்ரோல் குழாய் ஆகியவற்றுக்கு ஒதுக்கிவையுங்கள். ஐம்பது வயது டிரம் பிரேக்கை நம்பிக் குழந்தைகளை ஏற்றாதீர்கள்.

கேள்வி (சியாட்டில்): குளோன் வண்டி, அதாவது உயர்ந்த மாடல் போல மாற்றிய சாதா வண்டி, வாங்குவது தப்பா?

பதில்: குளோன் என்று சொல்லி, குளோன் விலைக்கு விற்றால் அது நல்ல வண்டி. ஒரிஜினல் என்று சொல்லி விற்றால் அது மோசடி. தப்பு வண்டியின் மேல் இல்லை.

கேள்வி (ராலே, வட கரோலினா): 1970 கட்லஸ் வாங்கிவிட்டேன். பெயிண்ட் மங்கி, சீட் ஓரம் பிய்ந்திருக்கிறது. எல்லாவற்றையும் புதிதாக்கிவிடட்டுமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள்! 1968-ல் வந்த 'புல்லிட்' படத்தில் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய மஸ்டாங்கை 1974-ல் ஒரு குடும்பம் 6,000 டாலருக்கு வாங்கியது. வீட்டு வண்டியாகவே ஓட்டினார்கள். மெக்வீனே திருப்பிக் கேட்டும் கொடுக்கவில்லை, பளபளப்பாக்கவும் இல்லை. கேமரா மாட்டப் பற்றவைத்த இரும்புத் துண்டுகள்கூட அடியில் அப்படியே இருந்தன. 2020 ஜனவரியில் அந்த மங்கிய பச்சை வண்டி, ஏலக் கட்டணத்தோடு சேர்த்து 37.4 லட்சம் டாலருக்குப் போனது.

உங்கள் கட்லஸுக்கு அந்த விலை வராது. ஆனால் நியாயம் ஒன்றுதான்: பெயிண்டை எத்தனை முறை வேண்டுமானாலும் அடிக்கலாம், ஒரிஜினலாக ஒரே ஒரு முறைதான் இருக்க முடியும். ஓடுவதற்கும் நிற்பதற்கும் தேவையானதைச் சரிசெய்யுங்கள். வயதின் தழும்பை விட்டுவிடுங்கள். கழற்றிய ஒரிஜினல் பாகங்களைக் குப்பையில் போடாமல் பெயர் எழுதிப் பெட்டியில் வையுங்கள்.

கேள்வி (சகோதரி ஒருவர், கொலம்பஸ், ஒஹாயோ): என் கணவர் இரண்டு வருடமாகத் தேடுகிறார். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு வண்டி பார்க்கப் போகிறார், வெறுங்கையோடு வருகிறார். இது எப்போது முடியும்?

பதில்: வெறுங்கையோடு வருகிறாரே, அதுதான் அவர் சரியாகத் தேடுகிறார் என்பதற்கு அத்தாட்சி! அவசரப்பட்டவர் முதல் ஞாயிறே துரு வாங்கியிருப்பார். ஒரு யோசனை: அடுத்த முறை நீங்களும் போங்கள். அவர் இன்ஜின் சத்தத்தில் மயங்கி நிற்கும்போது, காந்தமும் டார்ச்சும் உங்கள் கையில் இருக்கட்டும். ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை டெட்ராய்ட் பக்கம் உட்வர்ட் டிரீம் க்ரூஸுக்குக் குடும்பத்தோடு போய்வாருங்கள், 1995-லிருந்து நடக்கிறது. அக்டோபரில் பென்சில்வேனியா ஹெர்ஷியில் பெரிய பழைய கார்ச் சந்தை. அங்கே முதல் சொந்தக்காரர்களைச் சந்திக்கலாம். நல்ல வண்டிகளில் பல, விளம்பரத்துக்கு வரும் முன்பே இப்படிப்பட்ட பேச்சிலேயே கைமாறிவிடுகின்றன.

கேள்வி (டிராய், மிச்சிகன்): கடைசியாக ஒன்று. 'ஒரிஜினல்' என்பதற்கு உங்கள் விளக்கம் என்ன?

பதில்: தான் எதுவோ, அதுவாகவே இருக்கும் வண்டி. ஜிடிஓ வேஷம் போட்ட லெமான்ஸை விட, லெமான்ஸாகவே ஐம்பது வருடம் வாழ்ந்த லெமான்ஸ் உயர்ந்தது.

வாங்கிய எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். பழைய சொந்தக்காரர் உயிரோடு இருந்தால் இந்த வாரமே போன் செய்யுங்கள். வண்டி எங்கே வாங்கியது, எந்த வருடம் என்ன மாற்றினார் என்று கேட்டு எழுதி, அவர் கையெழுத்தும் வாங்கிக் காகிதங்களோடு வையுங்கள். அடுத்து வாங்கப்போகிறவர் பல்லைப் பிடித்துப் பார்க்க வருவார். அவருக்கு அது வேண்டும்.