சீட்டு அக்கா

மதுரையில் எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் ஒரு சீட்டு அக்கா இருப்பார். மாதம் பிறந்து ஐந்தாம் தேதி சாயங்காலம் எந்த வீட்டு வாசலில் செருப்பு அதிகம் கிடக்கிறதோ, அதுதான் அவர் வீடு. படிப்பு எட்டாம் வகுப்பு. கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. பணத்தைப் பற்றி எது கேட்டாலும் ஒரே பதில்: "எனக்கென்னங்க தெரியும், எல்லாம் அவுகதான்."

நாம் இதை நம்ப மாட்டோம். அவர் நம்புகிறார், சிக்கலே அங்கேதான்.

ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு, 20 பேர், மாதம் 5,000. யாரோ ஒருவர் அவசரத்துக்கு 30,000 தள்ளி எடுக்கிறார். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே அக்கா சொல்வார்: "கமிஷன் அஞ்சாயிரம் போக மிச்சம் இருபத்தஞ்சு. ஆளுக்கு ஆயிரத்து இருநூத்தம்பது கழிவு. இந்த மாசம் மூவாயிரத்து எழுநூத்தம்பது கொண்டாங்க." கத்தி ஒரு கணம்கூட நிற்காது. பி.காம். படித்த மகன் பக்கத்தில் உட்கார்ந்து கைபேசியில் கால்குலேட்டரைத் தேடிக்கொண்டிருப்பான். சீட்டை எடுத்த பிறகு தவணை கட்டாமல் இழுத்தடிக்கப்போகிறவர் யார் என்பதை மளிகைக் கடைப் பாக்கியை வைத்தே அக்கா முன்கூட்டிச் சொல்லிவிடுவார். பதிவு செய்யாமல் சீட்டு நடத்தக்கூடாது என்று 1982-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறதே என்று யாராவது கேட்டால், "இது என்ன கம்பெனியா? நாங்களா பழக்கத்துல போடுறது" என்பார். சட்டத்தில் பழக்கத்துக்கு விலக்கு இல்லை. யாராவது ஓடிப்போனால்தான் அது நினைவுக்கு வரும்.

அதே அக்காவை வங்கிக்குக் கூட்டிப்போய்ப் பாருங்கள். படிவத்தில் 'தொழில்' என்ற கட்டத்தைப் பார்த்ததும், "வீட்ல சும்மாத்தான் இருக்கேன்" என்பார். மாதாமாதம் ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டுக்கு வசூலித்துக் கைமாற்றிவிடுகிறவர் சும்மா இருக்கிறாராம். கையெழுத்துப் போடச் சொன்னால் பேனாவைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, "அவுக வரட்டும்" என்று பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வார்.

பணம் பற்றி அவரிடம் சில கொள்கைகள் உண்டு. செவ்வாய், வெள்ளியில் காசு வெளியே போகக்கூடாது. விளக்கு வைத்த பிறகு யாருக்கும் கடன் தரக்கூடாது. வரவுக்கு இந்த விதிகள் பொருந்தா. வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்குப் பாக்கியைக் கொண்டுவந்தாலும் லட்சுமி தடுக்கமாட்டாள். சம்பளம் என்பது ஆண் சம்பாதித்தது. அதில் மிச்சம் பிடித்ததற்கு 'சிறுவாடு' என்று பெயர், அது கணக்கில் வராது. கடுகு டப்பாவில் இருப்பது பால்காரருக்கு. துவரம்பருப்புக்கு அடியில் இருப்பது பிள்ளையின் ஃபீஸுக்கு. பட்டுப்புடவை மடிப்பில் இருப்பதைப் பற்றி நாம் பேசக்கூடாது.

2016 நவம்பர் 8 இரவு எட்டு மணிக்கு, ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று பிரதமர் தொலைக்காட்சியில் சொன்னபோது, அந்த மடிப்புகளைப் பற்றி நாடே பேச வேண்டியதாகிவிட்டது. அவுக திகைத்து உட்கார்ந்திருக்க, நோட்டுகள் டப்பா டப்பாவாக வெளியே வந்தன. இல்லத்தரசிகள் இரண்டரை லட்சம் வரை போட்டால் விசாரிக்கமாட்டோம் என்று அரசாங்கம் அறிவித்தது. விசாரணையெல்லாம் வீட்டில்தான் நடந்தது. "ஏண்டி, போன வருஷம் நான் வட்டிக்கு வாங்கினப்ப இது எங்க இருந்துச்சு?" பதில் சொல்லாமல் அக்கா காப்பி போடப் போய்விட்டார்.

நகை விஷயத்தில் அவர் இன்னும் உறுதி. தங்கம் வாங்குவது செலவே இல்லை என்பது அவர் கட்சி. கீரைக்காரம்மாவிடம் கறிவேப்பிலைக் கொத்துக்காகக் கால் மணி நேரம் மல்லுக்கட்டுகிறவர், தெற்கு ஆவணி மூல வீதிக் கடையில் சேதாரம் நூற்றுக்குப் பதினைந்து என்றால் தலையாட்டிவிடுவார். எட்டுப் பவுன் வாங்கினால் ஒரு பவுனுக்கு மேல் காற்றோடு போகிறது என்று கணக்குப் போடத் தெரியாதவரா? தெரியும். ஆனால் அன்றைக்கு அவர் கணக்குப் பார்க்கமாட்டார். கடைக்காரர் தரும் குட்டிப் பர்ஸைத்தான் பார்ப்பார். அந்த நகையும் கழுத்தில் நிலைப்பதில்லை. அவுக ஏதோ தொழில் தொடங்க அடகுக்குப் போகும். வட்டியை மட்டும் அக்கா சிறுவாட்டிலிருந்து கட்டிக்கொண்டிருப்பார்.

2023 செப்டம்பர் 15-இல் அரசு மகளிர் உரிமைத் தொகை என்று மாதம் 1,000 ரூபாய் போடத் தொடங்கியது. காகிதத்தில் அக்காதான் குடும்பத் தலைவி. பணம் வந்த குறுஞ்செய்தி அவுக கைபேசிக்குப் போகிறது. ஏடிஎம் கார்டு மகனிடம். ரகசிய எண் மருமகளுக்குத் தெரியும்.

இதுவரை சிரிக்கலாம். அக்காவின் அப்பா வீட்டுக் கதைக்கு வந்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. பூர்விகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் கொண்டுவந்தது. அதற்கு முன்பே கல்யாணமானவர்களை அது விட்டுவிட்டது. 2005-இல் மத்தியச் சட்டம் அவர்களையும் சேர்த்துக்கொண்டது. அண்ணன் காரில் வந்து, "சும்மா ஒரு கையெழுத்துத்தாம்மா" என்று பத்திர ஆபீஸுக்குக் கூட்டிப்போவார். வங்கியில் பேனாவைத் தொடப் பயந்தவர் விடுதலைப் பத்திரத்தில் பக்கத்துக்குப் பக்கம் மளமளவென்று போட்டுவிட்டு வருவார். பதிலுக்கு ஒரு பட்டுப்புடவையும் மதியச் சாப்பாடும். ஏன் என்று கேட்டால், "பிறந்த வீட்டு வாசல் வேணும்ல?" அந்த வாசல் இருக்கும் இடம் இன்றைக்குச் சென்ட் என்ன விலை என்று கேளுங்கள், தரகரைவிடச் சரியாகச் சொல்வார்.

2025 ஏப்ரல் முதல் பெண் பெயரில் பதியும் பத்து லட்சம் வரையிலான சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைத்திருக்கிறார்கள். அதிகபட்சம் பத்தாயிரம் ரூபாய் மிச்சம் என்றதும் அவுகளுக்கு மனைவி மேல் திடீர்ப் பாசம் பொங்கியது. "உன் பேர்லயே வாங்கிருவோம்." அக்கா பதறிவிட்டார். "எதுக்குங்க எம் பேர்ல? ஊர்ல என்ன நினைப்பாக!" பத்தாயிரத்தை விடக்கூடாது என்பதால் மட்டுமே கடைசியில் சம்மதித்தார். இன்றைக்கு அவர் பெயரில் இருக்கும் ஒரே சொத்து அதுதான். அதையும் தள்ளுபடியில் வாங்கியதாகத்தான் சொல்லிக்கொள்கிறார்.

அக்காமாரே, உங்கள் வங்கிக் கணக்கில் பதிந்திருக்கும் கைபேசி எண் யாருடையது என்று பாருங்கள். உங்களுடையது இல்லையென்றால் நாளைக்கே போய் மாற்றுங்கள். அந்தப் படிவத்தில் கேட்பது உங்கள் கையெழுத்தைத்தான்.