புல்லுக்கு வந்த வாழ்வு

போன சனிக்கிழமை எங்கள் கோல்ஃப் கிளப் வாசலில் அந்தத் தாளை மறுபடியும் ஒட்டிவிட்டார்கள். 'மேட் இல்லாமல் ஃபேர்வேயில் யாரும் அடிக்கக் கூடாது.' 'யாரும்' என்பதன் கீழே இரண்டு கோடு. ஸ்காட்லாந்துக்காரர்கள் கோபம் வந்தால் கத்த மாட்டார்கள், கோடு போடுவார்கள். இந்த மேட் தொல்லையை ஒழிக்க என்னிடம் ரொம்பச் சுலபமான யோசனை ஒன்று இருக்கிறது. கமிட்டிக்கு எழுதினால் நேரே குப்பைக்குப் போகும் என்பதால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் புல்லின் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஸ்காட்லாந்தின் ஃபைஃப் கடற்கரையில் நவம்பர் பிறந்தால் மண் சில்லிட்டுவிடும். மண்ணின் சூடு சுமார் 6 டிகிரிக்குக் கீழே போனால் புல் வளர்வதை ஏறக்குறைய நிறுத்திக்கொள்ளும். கோடையில் மட்டை பெயர்த்த இடத்தில் மணலும் விதையும் போட்டால் சில வாரங்களில் மூடிக்கொள்ளும். டிசம்பரில் பெயர்த்தால் வசந்தம் வரும்வரை சொட்டைதான். அதனால்தான் ஆளுக்கொரு மேட். சாண் அகலம், ஒன்றரைச் சாண் நீளம், மேலே பிளாஸ்டிக் புல், ஒரு ஓரத்தில் கயிறு. ஃபேர்வே என்கிற குட்டைப் புல்வெளியில், நிஜப் புல்லின் மேல் பொய்ப் புல்லை விரித்து, அதன் மேல் பந்தை வைத்து அடிக்க வேண்டும்.

கேட்பதற்குச் சுலபம். செய்து பாருங்கள். பந்து கிடக்கும் இடத்துக்குப் போய்ப் பையை இறக்கி, விறைத்த விரலால் மேட்டைக் கழற்ற வேண்டும். குனிந்து விரிக்க வேண்டும். பந்தை வைத்துவிட்டு நிமிர்வதற்குள் வட கடல் காற்று மேட்டின் ஒரு முனையைத் தூக்கும், பந்து உருண்டுவிடும். மறுபடி குனி. இந்த முறை பந்து நிற்கும், ஆனால் மேட் மணற்குழியைப் பார்த்தபடி கோணலாகக் கிடக்கும். மேட் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கமே உடம்பும் திரும்பும். அதை நேராக்க மறுபடி குனி. பந்து மறுபடி உருளும். இடுப்பு கேட்கும், 'இன்னும் எத்தனை தடவைடா?' ஒருவழியாக அடித்தால் பந்தும் பறக்கும், மேட்டும் பறக்கும், வேறு வேறு திசையில். "நல்ல ஷாட்!" என்பார் கூட ஆடும் பெரியவர். எதைச் சொல்கிறார் என்று கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. பந்து இடப்பக்கம், மேட் வலப்பக்கம். பந்தை நோக்கி நடந்தால் மேட் மறந்துபோகும். குழி இருக்கிற கிரீனை எட்டும்போதுதான் பை லேசாக இருப்பது உறைக்கும். திரும்பி ஓடினால், பின்னால் காத்திருக்கும் நாலு பேர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு, தொலைந்த குழந்தையை ஒப்படைக்கிற போலீஸ்காரர் முகத்தோடு நிற்பார்கள். நன்றி சொல்லி வாங்கிப் பையில் மாட்டினால், அதிலிருந்து உருகிய பனி கால்சட்டைக்குள் இறங்கும். அடுத்த குழிக்குப் போய் இதையெல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மொத்தம் 18 குழி. நடுவில் ஒரு டீ குடிக்கக்கூட விடமாட்டார்கள், ஏனென்றால் மூன்றரை மணி தாண்டினால் சூரியன் கடையைக் கட்டிவிடும்.

எங்கள் கிளப்பில் ஒரே ஒரு சலுகை உண்டு. பந்து ஃபேர்வேயைத் தாண்டி நீளப் புல்லுக்குள் போய்விட்டால் மேட் வேண்டாம், கிடந்த இடத்திலேயே அடிக்கலாம். ஆகவே நவம்பரிலிருந்து, பந்து ஓரமாகப் போகட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். கடவுள் என் விஷயத்தில் கை கொடுப்பது இந்த ஒன்றில்தான்.

சரி, புல்லைப் பெயர்ப்பது யார்? மட்டை முதலில் பந்தைத் தொட்டு, பிறகு மண்ணைச் சீவிக்கொண்டு போக வேண்டும். அது தெரிந்தவன் கை. நானோ பந்தின் தலையில் தட்டுபவன். என்னால் ஒரு புல்லுக்கும் சேதாரம் இல்லை. ஆனால் மேட் எனக்கும் உண்டு.

நிஜமான எரிச்சல் வேறு. இந்தப் புல்லை யாருக்காகக் காப்பாற்றுகிறோம்? ஜூன் வந்தால் பஸ்ஸில் வந்து இறங்குகிற விருந்தாளிகளுக்கு. ஷோகேஸில் பூட்டிய டின்னர் செட்டைப் பார்த்துக்கொண்டே நெளிந்த தட்டில் சாப்பிட்டு வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தட்டுக்கு அம்மா சந்தா வாங்கியதில்லை.

பக்கத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்திலும் குளிர்காலத்தில் மேட்தான். 2022 ஜூலையில் அங்கே 150-வது ஓப்பன் போட்டி நடந்தபோது உலகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் அந்தப் புல்லைச் சீவித் தள்ளினார்கள். யாரும் மேட் நீட்டவில்லை. சாதாரணமாக ஞாயிற்றுக்கிழமை அங்கே ஆட்டம் கிடையாது, ஊர் ஜனம் நாயோடு உலாவ வரும். நாய் காலால் பறித்தால் அதற்கு மேட் உண்டா? கேட்டேன். "நாய் சந்தா கட்டுவதில்லையே" என்றார் பெரியவர். அவர் எந்தக் கட்சி என்று இன்னும் பிடிபடவில்லை. 1457-ல் ஸ்காட்லாந்துப் பாராளுமன்றம் கோல்ஃபையே தடை செய்தது, ஜனங்கள் வில்வித்தையை விட்டுவிட்டு இதில் விழுகிறார்கள் என்று. அப்போதாவது புல் நிம்மதியாக இருந்திருக்கும்.

எங்கள் மைதானத்தைப் பராமரிப்பவர் ஒரு சொட்டையில் மணலைக் கொட்டி, பூட்ஸால் அழுத்திக்கொண்டிருந்தார். "எப்போது முளைக்கும்?" என்றேன்.

"ஏப்ரல்."

இங்கே ஏப்ரலிலும் பனி விழும். எந்த ஏப்ரல் என்று கேட்டிருக்க வேண்டும்.

யோசனைக்கு வருகிறேன். அதற்குள் டிராலி ஞாபகம் வருகிறது. வாசலில் மேட் தாளுக்குப் பக்கத்தில் இன்னொரு தாள்: தரை ஈரம், மறு அறிவிப்பு வரும்வரை டிராலிக்கும் தடை. பையைத் தோளில் சுமக்க வேண்டுமாம். முழுச் சந்தா கட்டியவன் சுமைதூக்கியாகவும் இருக்க வேண்டும்!

நனைந்து வீட்டுக்கு வந்து மேட்டை ஹீட்டர் பக்கத்தில் வைத்தேன். "என்னங்க இது, கார்ப்பெட் பாழாப் போகுது" என்று என் மனைவி ஓடி வந்து அதைத் தூக்கி, கீழே ஒரு பேப்பரை விரித்து, அதன் மேல் வைத்தாள். கார்ப்பெட்டைக் காக்கப் பேப்பர், புல்லைக் காக்க மேட். எடுத்தது அன்றைய பேப்பர். நான் இன்னும் முதல் பக்கத்தைக்கூடத் தாண்டவில்லை.