கதவுக்குள் கச்சேரி

சிங்கப்பூரில் காரை வாங்குமுன், காரை வாங்கும் உரிமையை வாங்க வேண்டும். 1990இல் வந்த சிஓஇ அது. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கு அது 150,001 வெள்ளி. அந்தக் கடைசி ஒரு வெள்ளியைப் பார்த்ததும் மொய்க்கவர் ஞாபகம் வந்தது. உரிமையின் ஆயுள் 10 ஆண்டு.

இவ்வளவு கொட்டியவர் ஸ்பீக்கரில் கஞ்சத்தனம் காட்டுவாரா? எங்கள் தெம்பனிஸ் புளோக்கில் ஓர் அண்ணன் புதுசாக மாட்டினார். பேஸைக் காணோம்.

"என்னண்ணே, பழசே தேவலாம்போல?"

"பழகப் பழகத்தான் திறக்குமாம் தம்பி."

திறந்திருந்ததுதான் கோளாறே. கார்க் கதவின் உள்தகட்டில் ஏகப்பட்ட ஓட்டைகள். ஸ்பீக்கர் கூம்பு முன்பக்கம் காற்றைத் தள்ளும்போது பின்பக்கம் இழுக்கிறது. ஓட்டை வழியே இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். முதலில் சாவது பேஸ்தான். பியூட்டைல் ஷீட் ஒட்டி அடைத்தால் மலிவு ஸ்பீக்கரும் தவில் வாசிக்கும். ஆனால் ஷீட் கதவுக்குள் ஒளிந்துகொள்ளும். யாரிடம் காட்டிப் பெருமைப்படுவது?

அண்ணனின் ட்வீட்டர் 40 கிலோஹெர்ட்ஸ் வரை பாடுமாம். மனிதக் காதுக்கு 20தான் எல்லை. அவர் கேட்பதோ ஒலி 96.8, எஃப்எம்மில் 15க்கு மேல் வரவே வராது. மீதியை வௌவால்தான் ரசிக்க வேண்டும்.

இன்றைக்கும் அந்தக் காரில் துல்லியமாகக் கேட்பது ஈஆர்பி சாலைக் கட்டண வளைவைக் கடக்கும்போது வரும் 'பீப்' ஒன்றுதான். அதற்கும் காசு.