ஏற்காட்டில் பழமை

கேள்வி: ஏற்காட்டில் ஏரியும் படகும் தவிர, பழமை என்று சொல்லிக் காண ஏதேனும் உண்டா?

பதில்: கோட்டையையோ இடிந்த அரண்மனையையோ தேடுவோருக்கு இல்லை, ஆயினும் அரண்மனைகளுக்கெல்லாம் மூத்த பழமை ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையில் உண்டு. 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்து, இந்தியத் தொல்பழங்கால ஆய்வைத் தொடங்கிவைத்த நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபுட், ஓய்வுக்காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்தார். புதிய கற்காலத்தவர், அதாவது கல்லைத் தேய்த்து மெருகூட்டிக் கருவி செய்யக் கற்ற தொடக்ககால வேளாண் மக்கள், விட்டுச்சென்ற கற்கோடரிகளை இம்மலையிலும் அவர் சேகரித்தார். உள்ளங்கையில் அடங்கும் அக்கோடரிகள், ஒரு முனை கூராகவும் மறுமுனை வெட்டுவாய் அகன்றும் வழுவழுப்பாக இருப்பவை. நிலத்தில் அவற்றைக் கண்டெடுத்த ஊரார், மரத்தடிச் சிறு கோயில்களில் வைத்துப் போற்றியதால்தான் பல கருவிகள் அழியாமல் தப்பின. அருங்காட்சியகம் தோன்றுமுன்பே அருங்காட்சியகத்தின் பணியைச் செய்த அம்மக்களின் பக்தி பெரும் பாராட்டுக்குரியது. அக்கோடரிகளின் பழமையோடு ஒப்பிட்டால், 1820-களில் சேலம் ஆட்சியர் காக்பர்ன் கொணர்ந்த காப்பிச்செடி இம்மலைக்கு நேற்றைய விருந்தாளியே. ஏரியைச் சுற்றியபின், ஹோலி டிரினிட்டி தேவாலயத்திலுள்ள ஃபுட்டின் நினைவுக்கல்லையும் சுற்றுலாப் பயணிகள் தவறாது காண வேண்டும்.