சார்லட்டும் ராலியும்: குடிபெயர்வு குறித்த ஓர் ஒப்பியல் ஆய்வு

நூன்முகம்

ஊர்விட்டு ஊர் போனவர்களைப் பற்றி நூல்கள் பல உண்டு. போவதற்கு முன்னால், இந்த ஊரா அந்த ஊரா என்று ஒரு குடும்பம் ராச்சாப்பாட்டுக்குப் பிறகு 14 மாதம் பேசிய பேச்சை எவரும் ஆராயத் துணிந்ததில்லை. அக்குறையைப் போக்க எழுந்தது இவ்வாய்வு.

ஆய்வுக் களம்: நியூஜெர்சி மாநிலம், எடிசன் நகரில் ஒரு வாடகை வீட்டின் சமையலறை மேசை. ஆய்வுப் பொருள்: அமெரிக்கத் தென்னகத்தில், வட கரோலினாவில் மளமளவென்று வளர்ந்துவரும் சார்லட், ராலி என்னும் இரு நகரங்கள். ஆய்வாளர் திருநெல்வேலிக்காரர். நெறியாளர் அவருடைய மனைவி. நெறியாளரின் ஒப்புதல் இல்லாமல் இதில் எந்த இயலும் முடிவடையவில்லை.

பெயரிலேயே 'வட' என்று இருக்க, இதைத் தென்னகம் என்றது என்னை எனின், அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்கோடு சேர்ந்து நின்றமையான் என்க. அங்குள்ளோர் நியூஜெர்சியிலிருந்து வருகிறவரை 'வடக்கத்தியர்' என்பார்கள். தாமிரபரணியில் குளித்து வளர்ந்தவன் ஒருவன் வடக்கத்தியான் ஆவது இவ்வாய்வின் முதல் கண்டுபிடிப்பு.

இயல் 1: பெயர்க்காரணம்

சார்லட் 1768இல் நகரமாக அமைந்தது. இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் மனைவி பெயரை ஊருக்கும், அவர் பிறந்த ஜெர்மானியச் சிற்றரசான மெக்லன்பர்க்கின் பெயரை அதைச் சூழ்ந்த கவுண்டிக்கும் வைத்தார்கள். அடுத்த எட்டாண்டுகளில் அதே மன்னரிடமிருந்து விடுதலை அறிவித்தார்கள். ராஜாவைத் துரத்தியவர்கள் ராணியின் பெயரை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். ஆட்சி மாறினால் பேருந்து நிலையத்தின் பெயரே மாறும் நாட்டிலிருந்து வந்தவர்க்கு இது வியப்பளிக்கும்.

1780இல் இவ்வூருக்குள் புகுந்த ஆங்கிலத் தளபதி கார்ன்வாலிஸ், 'இது குளவிக்கூடு' என்று நொந்துகொண்டு வெளியேறியதாக ஊரார் பெருமையோடு சொல்வார்கள். பின்னாளில் இந்தியாவுக்கு வந்து திப்பு சுல்தானோடு போரிட்ட அதே கார்ன்வாலிஸ்தான். இன்றைக்கும் சார்லட்டின் கூடைப்பந்து அணிக்குப் பெயர் குளவிகள்.

ராலி தானாக வளர்ந்த ஊரன்று. தலைநகர் வேண்டும் என்பதற்காகவே உண்டாக்கப்பட்ட ஊர். எங்கே அமைப்பது என்று கூடிய சபை, ஐசக் ஹன்டர் என்பவரின் இடத்திலிருந்து 10 மைலுக்குள் இருக்கவேண்டும் என்று 1788இல் தீர்மானித்தது. ஹன்டர் சாராயக்கடையோடு கூடிய ஒரு சத்திரம் நடத்திவந்தார் என்பதை ஈண்டு நினைவிற் கொள்க. 1792இல் 1,000 ஏக்கர் வாங்கி, வில்லியம் கிறிஸ்துமஸ் என்ற நில அளவையர் தெருக்களை வரைந்தார். ஊருக்குப் பெயர் கொடுத்த வால்டர் ராலி, கப்பல்களை அனுப்பினாரே தவிர, வட கரோலினா மண்ணை மிதித்ததே இல்லை.

"சைக்கிள் பேர்ல ஒரு ஊரா?" என்று ஆய்வாளரின் தந்தை தொலைபேசியில் கேட்டார். அந்தச் சைக்கிள், இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரின் ராலித் தெருவில் பிறந்தது. தெருவுக்கும் இதே வால்டர்தான் பெயர் கொடுத்தார். ஆக ஊரும் சைக்கிளும் பங்காளிகள். இத்தகவலால் ராலிக்கு ஒரு வாக்கு கிடைத்தது. தந்தை அமெரிக்காவில் குடியேறப்போவதில்லை என்பதால் அவ்வாக்கு செல்லாது என்று நெறியாளர் தீர்ப்பளித்தார்.

இயல் 2: பொருளியல்

2010க்கும் 2020க்கும் இடையே சார்லட்டின் மக்கள்தொகை 7,31,424இலிருந்து 8,74,579 ஆயிற்று. ராலி 4,03,892இலிருந்து 4,67,665 ஆயிற்று. வந்தவர்கள் அனைவரும் வருவதற்கு முன் இரு ஊரையும் ஒப்பிட்டிருப்பார்கள் என்று கொண்டால், எத்தனை சமையலறை மேசைகளில் எத்தனை இரவுகள் கழிந்திருக்கும் என்பதைப் படிப்போரே கணக்கிடுக.

சார்லட் வங்கிகளின் ஊர். பாங்க் ஆஃப் அமெரிக்காவின் தலைமையகம் அங்கேதான். ராலிப் பக்கம், டர்ஹம், சாப்பல் ஹில் ஆகிய ஊர்களோடு சேர்ந்த முக்கோணத்துக்கு நடுவே, 1959இல் தொடங்கிய ஆராய்ச்சிப் பூங்கா இருக்கிறது. மூன்று மூலையிலும் மூன்று பல்கலைக்கழகங்கள். ஆய்வாளரின் கம்பெனி, எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டபடியால், இந்தப் பத்தி அவருடைய வாழ்க்கைக்குச் சிறிதும் தேவையற்றது. ஆயினும் இதைப் பற்றி மூன்று மாதம் விவாதித்தோம்.

தங்கத்தைக் குறிப்பிடாமல் இவ்வியலை முடிக்க இயலாது. 1799இல், சார்லட்டுக்குக் கிழக்கே ஓர் ஓடையில் கான்ராட் ரீட் என்ற 12 வயதுப் பையன் மஞ்சளாக மினுங்கிய கல்லொன்றை எடுத்துவந்தான். எடை 17 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 8 கிலோ. அதன் அருமை தெரியாத குடும்பம் மூன்று ஆண்டுகள் அதைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து வைத்திருந்தது. 1802இல் ஒரு நகைக்காரர் அதைப் பார்த்தார், மூன்றரை டாலருக்கு வாங்கிக்கொண்டார். பிறகு சுற்றுவட்டாரமெல்லாம் தோண்டத் தொடங்கி, 1837இல் சார்லட்டில் நாணயச் சாலையே வந்தது.

இதைக் கேட்ட நெறியாளர், கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். "எட்டுக் கிலோ தங்கம் வாசல்ல கெடந்திருக்கு. ஒரு திருநெல்வேலிப் பொம்பளை அந்தத் தெருவுல நடந்திருந்தாப் போதும்" என்றார்.

இயல் 3: திணையும் நீரும்

இரு ஊரும் செம்மண் நிலம். சார்லட்டிலிருந்து மலைக்கு இரண்டு மணி நேரம். ராலியிலிருந்து கடலுக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆகவே சார்லட்டைக் குறிஞ்சி சார்ந்த நிலம் என்றும், ராலியை நெய்தல் சார்ந்த நிலம் என்றும் வகுக்கலாம். இரண்டு ஊர் வீட்டுத் தரகர்களும் "மலையும் பக்கம், கடலும் பக்கம்" என்றே சொல்வதால், தரகர்களுக்குத் திணை மயக்கம் உண்டென்று கொள்க.

மார்ச் கடைசியில் இரு ஊரிலும் பைன் மரங்கள் மஞ்சள் தூளைக் கொட்டும். கார், திண்ணை, நாய் எல்லாம் யாரோ மஞ்சள் நீராட்டு நடத்தியதுபோல் ஆகிவிடும். பனி இரண்டங்குலம் பெய்யும் என்று சேதி வந்தால் இரு ஊர்க் கடைகளிலும் ரொட்டியும் பாலும் காணாமற் போகும். வேறுபாடு தேடிப் புறப்பட்ட ஆய்வாளரை இவ்வியல் மிகவும் சோர்வடையச் செய்தது.

அந்நேரத்தில் தாயாரின் அழைப்பு வந்தது.

"எய்யா, ஊரு எப்டியும் இருந்துட்டுப் போவுது. தண்ணி எப்டி?"

சார்லட்டுக்குக் கடாபா ஆற்றை மறித்துக் கட்டிய நார்மன் ஏரி, மவுண்டன் ஐலண்ட் ஏரி ஆகியவற்றின் தண்ணீர் என்றும், ராலிக்கு நூஸ் ஆற்றின் ஃபால்ஸ் ஏரித் தண்ணீர் என்றும் ஆய்வாளர் விரிவாக எடுத்துரைத்தார்.

"அப்ப ரெண்டும் தேங்குன தண்ணிதான?"

"ஆமாம்மா."

"பெறவு என்னத்துக்குய்யா மண்டைய ஒடைக்க?"

14 மாத ஆய்வின் முடிவை அவர் ஒரு நிமிடத்தில் எட்டிவிட்டார். முறையான ஆய்வு நெறியைப் பின்பற்றாததால் அம்முடிவு ஏற்கப்படவில்லை.

இயல் 4: ஊர் எனப்படுவது யாது

ராலிக்குப் போகிறேன் என்று சொல்லும் தமிழர் ராலிக்குப் போவதில்லை. கேரி, மோரிஸ்வில், ஏபெக்ஸ் என்று பக்கத்து ஊர்களில் வீடு வாங்குவார். கேரியில் வேங்கடேசுவரர் கோயில் இருக்கிறது. 2022இல் அதற்கு 87 அடி உயரக் கோபுரம் எழுந்தது. மோரிஸ்வில்லில் நல்ல கிரிக்கெட் மைதானம் இருக்கிறது. 2023இல் மேஜர் லீக் கிரிக்கெட் ஆட்டங்களே அங்கு நடந்தன. கேரி என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளைப் பிரித்து, 'குடிபெயர்ந்த வடக்கத்தியரை அடைத்துவைக்கும் இடம்' என்று பழைய ஊர்க்காரர்கள் கிண்டலாக விரிவுரை சொல்வதும் உண்டு.

சார்லட்காரரும் அப்படியே. விசாரித்தால் ஊரின் தென்கோடியில் பாலன்டைனில் இருப்பார். இல்லையேல் எல்லை தாண்டி, தென் கரோலினாவின் ஃபோர்ட் மில்லில் இருப்பார். அதாவது மாநிலமே வேறு.

எனவே நாம் ஒப்பிடுகிற இரண்டு ஊர்களும் நாம் குடியிருக்கப்போகாத ஊர்கள். குடியிருப்பது ஒரு மளிகைக் கடை, ஒரு பள்ளிக்கூடம், ஒரு தோசைக் கடை ஆகியவற்றுக்கு நடுவே உள்ள நான்கு மைல். அந்த நான்கு மைல் இரு இடத்திலும் ஒன்றுபோலவே இருக்கிறது. கடையில் கறிவேப்பிலை வைத்திருக்கும் இடம்கூட மாறவில்லை.

போக்குவரத்தில் மட்டும் சிறு வேறுபாடு. சார்லட்டில் 2007 முதல் நகர ரயில் ஓடுகிறது. ராலியில் அது இல்லை. ஆனால் சார்லட்டில் குயின்ஸ் சாலையும் குயின்ஸ் சாலையும் சந்திக்கும் நாற்சந்தி ஒன்றுண்டு. ஊர் பார்க்கப் போன அன்று, வழிகாட்டும் குரல் "குயின்ஸ் சாலையில் திரும்பு" என்றது. ஆய்வாளர் குயின்ஸ் சாலையில்தான் வந்துகொண்டிருந்தார். நான்கு பலகையைப் பார்த்தார். பின்னால் ஒருவர் ஒலிப்பான் அடித்தார். "ராணி எந்தப் பக்கம் போனா என்ன, நீங்க நேராப் போங்க" என்றார் நெறியாளர். அதுதான் சரியான வழியாக இருந்தது.

இயல் 5: சுவடியும் பாடபேதமும்

ஆய்வின் மூலத் தரவு ஓர் எக்செல் சுவடி. அதற்கு மூன்று படிகள் உள்ளன: 'இறுதி', 'இறுதி 2', 'நிஜமாவே இறுதி'. மொத்தம் 41 வரிசைகள். அவற்றில் 23 வரிசைகளில் இரு ஊருக்கும் ஒரே மதிப்பெண். மாநில வருமான வரி, ஓட்டுநர் உரிமம், கொசு எல்லாம் ஒரே மாநிலத்தைச் சேர்ந்தவை என்பது 23ஆம் வரிசை வரும் வரை ஆய்வாளருக்கு உறைக்கவில்லை.

ஒவ்வொரு வரிசைக்கும் அதன் முக்கியத்துவத்துக்கேற்ப ஒரு எடை உண்டு. படிகளை ஒப்புநோக்கியபோது பாடபேதங்கள் புலப்பட்டன. முதற்படியில் 'குழந்தை வளர்ப்புச் சூழல்' என்ற வரிசைக்கு எடை 4. இரண்டாம் படியில் அது 10. திருத்தம் நள்ளிரவு 11.40க்கு நடந்திருக்கிறது. ஆய்வாளர் தூங்கியிருந்த வேளை அது. இடைச்செருகல் யாருடையது என்று கண்டறிய உ.வே.சா. வரவேண்டியதில்லை. நெறியாளரின் தங்கை பாலன்டைனில் இருக்கிறார். மறுநாள் காலை அவரே தொலைபேசியில், "அத்தான், சார்லட் முன்னுக்கு வந்துருச்சாமே?" என்றார்.

ஆய்வு நேர்மை கருதி இன்னொன்றையும் பதிவு செய்தாகவேண்டும். 'உடற்பயிற்சி வசதி' என்ற வரிசையின் எடை, மூன்றாம் படியில் 3இலிருந்து 9 ஆகியிருக்கிறது. ஆய்வாளர் வாழ்நாளில் உடற்பயிற்சி செய்தவரல்லர். ஆனால் அவரோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் கேரியில் இருக்கிறான். சனிக்கிழமைதோறும் மோரிஸ்வில்லில் பந்து வீசுகிறான்.

இங்கேதான் கருதுகோள் பிறந்தது. ஊர் ஒப்பீடு என்பது, 'உன் ஆளா, என் ஆளா' என்ற கேள்வியைச் சண்டையில்லாமல் கேட்க மனிதர் கண்டுபிடித்த வழி. வரி, வானிலை, பள்ளிக்கூடம் எல்லாம் அதற்குப் போர்த்திய சால்வை.

அற்றேல், இரு ஆளும் ஒப்பரோ எனின், அன்று. ஆய்வாளர் எடிசனில் பனி தள்ளும்போது வழுக்கி விழுந்து மணிக்கட்டை ஒடித்துக்கொண்டது இரண்டு குளிர்காலத்துக்கு முன்பு. இரவு மணி பதினொன்று. தூங்கிக்கொண்டிருந்த மகளைப் போர்வையோடு சுருட்டிப் பின்சீட்டில் போட்டு, நைட்டிமேல் கோட்டை மாட்டிக்கொண்டு, நெறியாளர்தான் காரோட்டினார். விடிகாலை நான்கு வரை மகளை மடியில் கிடத்தி ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கைப்பேசியில் பெயர்களை மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருந்தார், யாரையும் அழைக்கவில்லை. 300 பேருக்கு மேல் இருந்தார்கள். அந்த நேரத்தில் கூப்பிடக்கூடிய பெயர் ஒன்றும் இல்லை.

10 என்ற எடையின் உரை இதுவே. பந்து வீசுகிறவனுக்கு 9 போட்டதற்கு உரை எழுத ஆய்வாளரால் இயலவில்லை. அன்றிரவே அதைப் பழையபடி 3 ஆக்கினார். காலையில் பார்த்தால் யாரோ அதை 5 ஆக்கியிருந்தார்கள். அந்தத் திருத்தம் ஆய்வாளர் செய்ததன்று.

முடிவுரை

ஆய்வு முடிவு: சார்லட். இப்போது பாலன்டைனில் இருக்கிறோம். மாதம் ஒரு சனிக்கிழமை, ஆய்வாளர் கிரிக்கெட் மட்டையோடு 85ஆம் எண் நெடுஞ்சாலையில் ஏறி இரண்டரை மணி நேரம் ஓட்டிக் கேரி போகிறார். 5 என்ற எடைக்கு இது பொருத்தமான தூரம்.

சென்ற வாரம் எடிசனின் பழைய அக்கம்பக்கத்துக்காரர் ஒருவர் அழைத்தார். அவரும் தெற்கே வர யோசிக்கிறாராம். சுவடியை அனுப்பிவைத்தேன். இரண்டு நாளில் ஒரு வரிசை கூடுதலாகச் சேர்த்துத் திருப்பி அனுப்பினார். 'நிலநடுக்கப் பாதுகாப்பு', எடை 10. ராலிக்கு முழு மதிப்பெண், சார்லட்டுக்கு இரண்டு.

"அண்ணாச்சி, உங்க மச்சினர் எந்த ஊர்ல இருக்காரு?" என்று மட்டும் கேட்டேன்.

மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"மச்சினர் இல்ல தம்பி. சகலை" என்றார்.