‘எல்லாம் உன்னால்தான்’ என்னும் வள்ளலுக்கு

ஆட்டக்காரனின் நெஞ்சுக்குள் குடியிருந்து, தோற்ற மறுகணமே ‘எல்லாம் உன்னால்தான்’ என்று அள்ளி வழங்கும் வள்ளலே! உன் புகழைப் பாடாவிட்டால் நன்றி கெட்டவர்கள் ஆவோம்.

உன் நீதிக்கு வாலரண்ட் என்ற கணினி ஆட்டமே சாட்சி. இந்தப் பக்கம் ஐந்து பேர், எதிரே ஐந்து பேர். முதலில் 13 ரவுண்ட் எடுப்பவர்களுக்கு வெற்றி. ஸ்கோர் 11–12. அணியில் நால்வர் பார்வையை மறைக்கும் ஸ்மோக் கூடப் போடாமல் ஓடி விழுந்துவிட்டார்கள். மிஞ்சிய பையன், ஸ்பைக் என்ற குண்டின் பக்கத்தில் குந்தி அதை டிஃப்யூஸ் செய்கிறான், அதாவது செயலிழக்க வைக்கிறான். முழுதாக முடிக்க 7 விநாடி வேண்டும். பாதி, அதாவது 3.5 விநாடி ஆகிவிட்டால் அதுவரை செய்தது வீணாகாது. மூன்று விநாடி ஆனபோது பின்னால் காலடிச் சத்தம். பதறிக் கையை எடுத்துத் திரும்புகிறான், சுட்டுவிட்டார்கள்.

இன்னும் அரை விநாடி பொறுத்திருக்கலாம். அதைச் சொல்லியிருந்தால் அடுத்த முறை அவனுக்கு உதவியிருக்கும். நீயா அப்படிச் சில்லறை விஷயத்தில் இறங்குவாய்? ‘உனக்கெல்லாம் எதற்கு இந்த ஆட்டம்’ என்று மொத்தமாகத் தீர்ப்பு எழுதிவிட்டாய். முன்பே விழுந்த நால்வரின் பங்கையும் சேர்த்து அவன் தலையிலேயே ஏற்றினாயே, அந்தத் தாராளம் யாருக்கு வரும்?

மைக்கில் திட்டும் டீம்மேட்டை ம்யூட் செய்துவிடலாம். உன்னை அடக்கப் பொத்தானே இல்லை. ‘ரேங்க் இறங்கிவிட்டதே, இன்னும் ஒரே ஒரு மேட்ச் ஆடி மீட்டுவிடு’ என்று இரவு இரண்டு மணிக்கு உசுப்புவது நீ. கண் எரிய, விரல் தளர, அதையும் ஆடித் தோற்றால் சாட்டையோடு வந்து நிற்பதும் நீயே. தனக்கான வேலையைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் இப்படியோர் உழைப்பாளியை எங்கே காண்பது!

உன் அருமை தெரியாதவர்களும் உண்டு. கவுண்டர்-ஸ்ட்ரைக் என்ற இன்னொரு ஆட்டத்தை ஆடும் டென்மார்க்கின் ஆஸ்ட்ராலிஸ் அணிக்குத் திறமை இருந்தது. ஆனால் பெரிய போட்டிகளின் கடைசிக் கட்டத்தில் தடுமாறுகிறவர்கள் என்று பெயர் வாங்கியிருந்தார்கள். பேசாமல் உன்னிடமே பாடம் கேட்டிருக்கலாம். அதை விட்டுவிட்டு, பின்லாந்தைச் சேர்ந்த விளையாட்டு உளவியலாளர் மியா ஸ்டெல்பெர்கை அழைத்துவந்து, அழுத்தத்தோடு ஆடப் பழகினார்கள். 2017 ஜனவரியில் அட்லாண்டாவில் ‘மேஜர்’ என்னும் பெரும் போட்டியின் பட்டம். பிறகு 2018, 2019 ஆண்டுகளில் லண்டன், காட்டோவிட்சே, பெர்லின் என்று அடுத்தடுத்து மூன்று. உன்னை மதிக்காததால் வந்த கேட்டைப் பார்த்தாயா!

உன்னைத் தவறாமல் மதித்த பிள்ளைகளோ, நன்றாக ஆடிய நாளிலும் சிரிக்கத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். நண்பர்களோடு ஆடத் தொடங்கிய ஆட்டத்தில் நண்பர்களுக்கே பயப்படுகிறார்கள். இதுவும் உன் கொடைதான்.

ஆடுகிற தம்பி, தங்கைகளே! அடுத்த தோல்விக்கும் இந்த வள்ளல் தவறாமல் வருவார். வந்ததும், ‘எந்த ரவுண்ட், எந்த விநாடி, அங்கே என்ன செய்திருக்க வேண்டும்?’ என்று கேளுங்கள். பதில் சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள். சொல்லாவிட்டால் ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவிட்டு, கணினியை அணைத்துத் தூங்கப் போங்கள்.