வாயால் ஜெயித்த வண்டிக்காரர்

சக்கரம் வைத்த எதையும் வட சென்னைக்காரன் செய்து கொடுப்பான். அதை ஓட்டிப் பேர் வாங்குகிறவர் மட்டும் எப்போதும் ஊருக்குத் தெற்கே இருந்துதான் வருவார். இதை வயிற்றெரிச்சலில் சொல்கிறேன் என்பீர்கள். வயிற்றெரிச்சல் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கையில் சரித்திரமும் இருக்கிறது.

1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகை. உள்ளே கே.எம். மாம்மன் மாப்பிள்ளை என்ற இளைஞர் குழந்தைகள் ஊதி விளையாடும் பலூன் செய்துகொண்டிருந்தார். பலூன் வெடித்தால் குழந்தை அழும், டயர் வெடித்தால் குழந்தையின் அப்பா அழுவார், அப்பாவிடம்தான் பர்ஸ் இருக்கிறது என்று அவருக்கு எப்போது உறைத்ததோ! 1952-ல் பழைய டயருக்கு ஒட்டுப்போடும் ரப்பருக்கு வந்தார். 1961-ல் டயரே போட்டார். அதுதான் எம்.ஆர்.எஃப். அந்தப் பெயர் பிற்பாடு டெண்டுல்கரின் மட்டையிலும் ஏறியது, பந்தயக் கார்களின் மூக்கிலும் ஏறியது. திருவொற்றியூர் என்ற பெயர் எதிலும் ஏறவில்லை.

1948-ல் ரகுநந்தன் சரண் தன் மகன் அசோக்கின் பெயரில் கம்பெனி தொடங்கி, எண்ணூரில் ஆஸ்டின் ஏ-40 கார்களைப் பூட்ட ஆரம்பித்தார். 1955-ல் லேலண்ட் வந்து சேர்ந்தது. காரை மறந்து லாரிக்கும் பஸ்ஸுக்கும் போய்விட்டார்கள். அன்றைக்குக் காரோடு நின்றிருந்தால் எண்ணூர் இன்று ஃபெராரியின் மரனெல்லோ மாதிரி ஆகியிருக்கும் என்று சொல்கிற பெரியவர்கள் உண்டு. அவர்கள் ஆஸ்டின் ஏ-40-ஐ ஓட்டிப் பார்த்ததில்லை.

அதே 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டும் கை கோத்து, திருவொற்றியூரில் புல்லட் செய்யக் கிளம்பின. இங்கிலாந்துத் தாய்க் கம்பெனி 1970 வாக்கில் கண்ணை மூடியது. பிள்ளை மட்டும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் காரியம் முடித்துவிட்டு மறுநாளே டப்டப் என்று வேலைக்குக் கிளம்பிவிட்டான்.

ஆக டயர் இருக்கிறது, இன்ஜின் இருக்கிறது, சேஸிஸ் இருக்கிறது. ஓட ஒரு தடம்தான் பாக்கி. அதை ஏற்பாடு செய்து கொடுத்த புண்ணியம் ஜப்பானியரையே சேரும். 1942 ஏப்ரலில் ஜப்பான் கப்பல் வருகிறது என்று நடுங்கிய சர்க்கார், சென்னையை விட்டுப் போகச் சொன்னது. குண்டு விழுந்தால் கூண்டு உடையுமே என்று மிருகக்காட்சிசாலைப் புலி, சிங்கங்களையும் சுட்டுத் தள்ளியது. எதிரி கரை இறங்கவேயில்லை. உயிரை விட்டது நம்மூர்ச் சிங்கம்தான். அந்த யுத்த காலத்தில் செங்குன்றம் தாண்டி, சோழவரத்தில் விமானம் இறங்க ஓடுதளம் போட்டார்கள். யுத்தம் முடிந்தது, விமானம் போய்விட்டது, ஓடுதளம் வெயிலில் கிடந்தது.

1953-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பிறந்ததும் பெட்ரோல் வாசனை பிடித்த கனவான்கள் அந்த ஓடுதளத்தைக் கண்டுபிடித்தார்கள். பிப்ரவரி பிறந்தால் சோழவரம் பந்தயம். ஃபியட், ஹெரால்டு, அம்பாசடர் எல்லாவற்றையும் பிரித்து, தேவையில்லாததைக் கழற்றி எறிந்து, சைலன்சரையும் தேவையில்லாததில் சேர்த்து, ஓட்டினார்கள். கோவை கரிவரதன் தானே கார் வடிவமைத்துக் கொண்டுவருவார். பீர்க் கம்பெனி வாரிசான விஜய் மல்லையா, பழைய என்சைன் ஃபார்முலா ஒன் காரையே வாங்கிக் கொண்டுவந்து அங்கே ஓட்டினார். வேகமாகக் கிளம்பிப் போகிற வித்தை அவருக்கு அங்கேதான் கைவந்ததா என்று வங்கிக்காரர்கள்தான் விசாரிக்க வேண்டும்.

அந்தக் கனவான்களில் ஒரு குடும்பம் சந்தோக். தாத்தா இந்து சந்தோக், இந்தியாவில் மோட்டார் பந்தயத்துக்குச் சங்கம் அமைத்த முன்னோடிகளில் ஒருவர். அப்பா விக்கி சந்தோக், சோழவரத்திலும் ராலிகளிலும் புழுதி கிளப்பி, பிறகு அந்த அகில இந்தியச் சங்கத்துக்கே தலைவரானவர். பேரன் கருண் 1984 ஜனவரி 19-ல் சென்னையில் பிறந்தார். அவர் ஸ்டீயரிங்கைப் பிடிக்கிற வயசு வருவதற்குள் பந்தயம் சோழவரத்தைக் காலி செய்துகொண்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டைக்குக் குடிபோய்விட்டது. வடக்கே மிஞ்சியது ரப்பர் வாசனை.

கருண், கரிவரதன் வகுத்த வழியில், மாருதி 800 இன்ஜின் வைத்த ஃபார்முலா மாருதியில் 2000-ல் தொடங்கினார். அடுத்த வருஷமே ஃபார்முலா ஏசியா பட்டம். 2006-ல் ஆசிய ஃபார்முலா ரெனோ வி6 பட்டம். ஃபார்முலா ஒன்னுக்கு ஒரு படி கீழே இருந்த ஜிபி2-வில் 2007-ல் பெல்ஜியத்தின் ஸ்பாவிலும், 2008-ல் ஜெர்மனியின் ஹாக்கன்ஹைமிலும் ஜெயித்தார். இதெல்லாம் சும்மா வந்ததில்லை. இந்த இடத்தைக் கிண்டல்காரர்கள் வேகமாகத் தாண்டிவிடுவார்கள். நானும் தாண்டுகிறேன், ஏனென்றால் அடுத்தது வேடிக்கையாக இருக்கிறது.

2010-ல் ஸ்பெயினிலிருந்து ஹிஸ்பானியா என்று ஒரு புது அணி. பணம் கரைந்து, பருவம் தொடங்கச் சில வாரம் இருக்கையில் முதலாளியே மாறி, மானத்தைக் காப்பாற்ற பஹ்ரைனுக்கு வந்து சேர்ந்தது. ஓட்ட இருவர்: அயர்டன் சென்னாவின் அக்கா மகன் புருனோ, நம் கருண். மற்ற அணிகள் குளிர்காலம் முழுக்க ஸ்பெயினில் சோதனை ஓட்டம் நடத்தின. ஸ்பெயின் அணி ஒரு சுற்றுகூட ஓட்டவில்லை.

வெள்ளிக்கிழமை பயிற்சி. கருணின் காரைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை காலைப் பயிற்சி. இன்னும் பூட்டிக்கொண்டிருந்தார்கள். சனி மதியம் தகுதிச் சுற்றுக்கு மணி அடித்த பிறகுதான் கார் தரையில் இறங்கியது. அதாவது அந்த வண்டி எங்கே திரும்பும், எங்கே திரும்பாது, பிரேக் எவ்வளவு தூரத்தில் பிடிக்கும் என்று ஒன்றும் தெரியாமல், உலகமே டிவியில் பார்க்க முதல் சுற்று. இங்கே தண்டையார்பேட்டையில் எட்டு போட்டு லைசென்ஸ் வாங்குகிறவனுக்குக்கூட முந்தின நாள் ஒரு டிரையல் உண்டு. தகுதிச் சுற்றில் இருபத்துநாலு பேரில் இருபத்துநாலாவதாக வந்த கருண், பந்தயத்தின் இரண்டாவது சுற்றில் ஒரு மேட்டில் துள்ளி, சுவரைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினார்.

அடுத்து ஆஸ்திரேலியா. முதல் ஆளுக்கு ஐந்து சுற்று பின்னால், பதினாலாவதாக முடித்தார். சிரிக்காதீர்கள். அந்த அணி ஒரு பந்தயத்தை முடித்ததே அதுதான் முதல் தடவை. பிறகு மொனாக்கோ. பந்தயம் முடிய நாலைந்து சுற்று இருக்கும்போது ராஸ்காஸ் வளைவில் யார்னோ ட்ரூலிக்கு அவசரம். உள்ளே நுழைகிறேன் என்று தன் லோட்டஸைக் கருண் கார்மேலேயே ஏற்றிவிட்டார். சக்கரம் தலைக்கு மேலே போனது. தலை தப்பியது கருணின் அதிர்ஷ்டம். எழுந்து நடந்து வந்தார்.

பத்தாவது பந்தயம் முடிந்ததும் அவரை இறக்கிவிட்டு ஜப்பானியரான சக்கோன் யமமோட்டோவை ஏற்றினார்கள். 1942-ல் கரை இறங்காத ஜப்பான், 2010-ல் இப்படி வந்து கணக்குத் தீர்த்தது. 2011-ல் ஜெர்மனியில் லோட்டஸுக்காக ஒரே ஒரு பந்தயம், முடித்தவர்களில் கடைசி. ஆக மொத்தம் பதினோரு பந்தயம், பூஜ்யம் பாயின்ட். முன்னோடியான கோவை நரேன் கார்த்திகேயன் 2005 அமெரிக்கப் பந்தயத்தில் நாலாவது வந்து ஐந்து பாயின்ட் எடுத்தார். டயர்த் தகராறில் மற்றவர்கள் ஒதுங்க, அன்று ஓடியது ஆறே கார். இருந்தாலும் ஐந்து ஐந்துதான்.

2011 அக்டோபர், கிரேட்டர் நொய்டா புத் தடம். இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் பந்தயம். லோட்டஸ் அணி வெள்ளிக்கிழமை காலைப் பயிற்சியில் மட்டும் கருணை ஓட்டவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வேறு ஆளைப் போட்டது. அந்தப் பயிற்சியின் நடுவே தடத்தில் ஒரு தெரு நாய் ஓடி வந்து, சிவப்புக் கொடி காட்டி எல்லாரையும் நிறுத்தினார்கள். மறுநாள் பேப்பரில் யாருக்கு இடம் அதிகம் கிடைத்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இத்தோடு மனிதர் வீட்டில் உட்கார்ந்திருக்கலாம். 2012-ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்துக்குப் போனார். அதில் ஓடிய முதல் இந்தியர். அணியோடு ஆறாவது இடம். 2014-ல் மின்சாரக் கார் பந்தயமான ஃபார்முலா இ, பெய்ஜிங்கில் தொடங்கிய நாளில் மஹிந்திராவுக்காக ஐந்தாவது. நல்ல வண்டி கொடுத்தால் நல்லாத்தான் ஓட்டுகிறார் என்று அப்போதாவது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாம் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகுதான் மைக். 2016-ல் இங்கிலாந்தின் சேனல் 4, 2019-லிருந்து ஸ்கை ஸ்போர்ட்ஸ். பெரிய தொடுதிரை முன்னால் நின்று, இரண்டு பேர் ஓட்டிய ஒரே வளைவைப் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, இவன் எங்கே பிரேக்கை விட்டான், அவன் எங்கே ஆக்சிலேட்டரை மிதித்தான், பின் டயர் எங்கே வழுக்கியது என்று கருண் காட்டுவார். கேட்கிறவர்கள் இங்கிலீஷ்காரர்கள். பந்தயத்தைத் தாங்கள்தான் கண்டுபிடித்தோம் என்று நினைக்கிற அந்த ஜனங்களுக்குச் சென்னைப் பையன் ஒருவன் பாடம் நடத்துகிறான், அவர்களும் காசு கட்டிக் கேட்கிறார்கள்.

இந்த வேலைக்கு வந்தவர்களில் பல ரகம். 1976 சாம்பியன் ஜேம்ஸ் ஹண்ட், ஓட்டுவதை விட்ட மறு வருஷமே பிபிசியில் மர்ரே வாக்கர் பக்கத்தில் உட்கார்ந்து, பிடிக்காத ஓட்டுநர்களை உலகம் கேட்கத் திட்டினார். மார்ட்டின் பிரண்டில் 158 பந்தயம் ஓடி ஒன்றுகூட ஜெயிக்காதவர். அந்தத் தேசத்தின் மிகப் பிரியமான வர்ணனையாளர் அவர்தான். என் கட்சி இதுதான்: சாம்பியனிடம் அந்த வளைவை எப்படி எடுத்தாய் என்றால், கார் நல்லா இருந்தது என்பான். ஹிஸ்பானியா ஓட்டினவனிடம் கேட்டால் அரை மணி நேரம் பேசுவான். தானாகத் திரும்பாத வண்டியைத் திருப்பினவனுக்குத்தான் வண்டி எப்படித் திரும்புகிறது என்று தெரியும்.

இந்த வித்தை எங்கள் பக்கம் புதுசு இல்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்கு டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கிற சாயங்காலம் எந்த டீக்கடைக்கும் போங்கள். டிரெய்லருக்கு அடியில் ஸ்டவ் பற்றவைத்து டிரைவர் பருப்பு வேகவைத்துக்கொண்டிருப்பார். பெஞ்சில் லுங்கி மடித்துக் கட்டின ஒரு அண்ணன், கையில் பாதி டீ, கண் ரோட்டில்:

“பாரு பாரு... நாகாலாந்து நம்பர் மூக்க நுழைக்கிறான்... ராஜஸ்தான் வண்டி வுட மாட்டான்... ஆங், கிளீனர் குதிச்சிட்டான்... கல்லு எடுத்து முட்டுக் குடுக்குறான்... யப்பா, நடுவுல மீன்பாடி வண்டி பூந்துச்சு! அவ்ளோதான், இன்னிக்கு ஜீரோ கேட்டு மீன்பாடிக்குத்தான்!”

“இன்னாண்ணே, எப்பிடி முன்னாடியே சொல்ற?”

“அவன் தோள்பட்டைய பார்த்தியா? பிரேக்ல கால் வெக்கிற ஆளு அப்படியா குந்துவான்?”

ஸ்கை ஸ்போர்ட்ஸில் தொடுதிரை போட்டுச் சொல்கிற சங்கதி இதேதான். சம்பளம்தான் வேறு.

2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னையிலேயே இரவு நேரத் தெருப் பந்தயம் நடந்தது. 2023 டிசம்பரில் நடக்க வேண்டியதை மிக்ஜாம் புயல் தள்ளிப்போட்டிருந்தது. தடம் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர். ராயபுரத்திலிருந்து கூப்பிடு தூரம், ஆனாலும் கவனியுங்கள், ராயபுரத்துக்குத் தெற்கே. விளக்கு, வேலி, வழவழ தார் என்று எல்லாம் அங்கே வந்தது. எண்ணூர் ரோட்டின் பள்ளங்கள் அப்படியே பத்திரமாக இருக்கின்றன. அங்கே ஓட்டிப் பழகினவன் பஹ்ரைன் மேட்டில் துள்ளியிருக்க மாட்டான்.

பந்தயம் நடத்துகிற ஐயாமார்களுக்கு ஒரு விண்ணப்பம். தடம் எங்கள் பக்கம் வேண்டாம், கோப்பையும் வேண்டாம். அடுத்த முறை தமிழ் வர்ணனை என்று வைத்தால் சினிமா ஆள் யாரையும் தேடாதீர்கள். ஒரு நாற்காலியில் கருண் சந்தோக்கை உட்காரவையுங்கள், பக்கத்து நாற்காலியில் அந்த லுங்கிக்கார அண்ணனை உட்காரவையுங்கள். விளம்பர இடைவேளையில்கூட யாரும் சேனல் மாற்ற மாட்டார்கள்.